கேப்டனின் கால்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரட்டை இறக்கை கொண்ட பிட்ஸ் விமானத்தில் சாகசப் பறத்தல் கற்றுவருவதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். ஏர்பஸ் விமானங்களில் 14,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த ஒரு கேப்டனுக்கு, அந்தச் சின்ன விமானத்தை ஒழுங்காகத் தரையிறக்கவே 18 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. பேருந்து ஓட்டுபவருக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தர வேண்டுமா என்ன? தன்னடக்கத்துக்காகச் சற்றுக் கூட்டிச் சொல்கிறீர்களோ என்று தோன்றியது.

என் மகன் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் துணை விமானியாக இருக்கிறான். உங்கள் கட்டுரையை அவனுக்கு அனுப்பியது என் தவறு. விடுமுறையில் தானும் இதைக் கற்கப் போவதாகச் சொல்கிறான். பயணிகள் விமானத்தை ஒருநாளும் தலைகீழாக ஓட்டப்போவதில்லை எனும்போது, இதனால் அவன் தொழிலுக்கு ஏதேனும் பயன் உண்டா, அல்லது இது வெறும் ஆசைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் உவமை நீங்கள் எண்ணியதைவிடப் பொருத்தமானது. வாழ்நாள் முழுவதும் பேருந்து மட்டுமே ஓட்டிய ஒருவரை முதன்முறையாக ஸ்கூட்டரில் ஏற்றினால் அவர் விழத்தான் செய்வார். சாலையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இருக்காது; ஆனால் வண்டியைச் சாயாமல் பிடிக்கும் வேலையை அவர் உடம்பிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. என்னிடம் அப்படிக் கேட்கப்படாமல் இருந்தவை என் இரண்டு கால்கள்.

ஏ320இல் திரும்பும்போது நான் கையில் பிடித்து ஓட்டும் ஸ்டிக்கைப் பக்கவாட்டில் சாய்க்கிறேன், அவ்வளவுதான். மூக்கை இடமோ வலமோ திருப்பும் வால்பகுதிச் சுக்கான் எவ்வளவு அசைய வேண்டும் என்பதைக் கணினியே அளந்து கொடுத்துவிடுகிறது. புறப்பாட்டு ஓட்டத்திலும், பக்கக்காற்றில் இறங்கும்போதும், ஒரு எஞ்சின் நின்றுபோகும்போதும் தவிர, கால்களால் சுக்கானை இயக்கும் பெடல்களுக்கு வேலை இல்லை. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் தரையிலேயே பறப்பதுபோல் பயிற்சி தரும் சிமுலேட்டரில் மட்டுமே நடக்கிறது. இது போதாதென்று, சாய்வு 67 பாகையைத் தாண்டவும் புவியீர்ப்பு விசையின் இரண்டரை மடங்குக்கு மேல் சுமை ஏறவும் இயல்பான நிலையில் அந்த விமானம் அனுமதிக்காது. ஏறக்குறைய 78 டன் எடையையும் அதற்குள் இருப்பவர்களின் தேநீரையும் அலுங்காமல் கொண்டுசேர்ப்பதே திறமை என்று கருதப்படும் தொழிலில் உடம்பு முதலில் கற்றுக்கொள்வது அடக்கத்தைத்தான். கால்களைச் சும்மா வைத்திருப்பதில் எனக்கு இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உண்டு.

இனி அந்தச் சின்ன விமானத்தைப் பாருங்கள். நான் கற்கும் பிட்ஸ் எஸ்-2பி ரகத்தின் இறக்கை வீச்சு 6 மீட்டர்தான். ஆட்களும் எரிபொருளும் சேர்ந்து அதிகபட்ச எடை 737 கிலோ. எஞ்சின் 260 குதிரைத்திறன். முழு விசை கொடுத்ததும் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர் மூக்கை இடப்பக்கம் இழுக்கிறது. வேகம் கூடி வால் மேலெழும் நொடியில் அந்த இழுப்பு இன்னொரு முறை கூடுகிறது. வலது கால் அதற்கு முன்னதாகவே பதில் சொல்லியிருக்க வேண்டும். இழுப்பை உணர்ந்த பிறகு அழுத்தும் கால் எப்போதும் தாமதமான கால்.

இறங்குவது இன்னும் மோசம். இந்த விமானத்துக்கு மூன்றாவது சக்கரம் மூக்கின் கீழே இல்லை, வாலில் இருக்கிறது. ஆகவே எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. கைவண்டியை இழுத்துக்கொண்டு போனால் அது நம் பின்னால் நேராக வரும். பின்னாலிருந்து தள்ளினாலோ, சற்று விலகியதும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளப் பார்க்கும். ஓடுபாதையில் தொட்ட பிறகு பிட்ஸ் விமானமும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. இரண்டு பாகை விலகலை உடனே சரிசெய்யாவிட்டால் அது பத்தாகும். பத்தைச் சரிசெய்யக் கால் போதாது, விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இறக்கை நுனியைத் தரையில் உரசும்.

இத்தனைக்கும் முன்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. இறங்கும் நிலையில் மூக்கு உயர்ந்து ஓடுபாதையை முழுவதுமாக மறைத்துவிடும். ஆகவே நேர்கோட்டில் வராமல் வளைந்து வந்து, கடைசி நொடிவரை பக்கவாட்டில் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு, அது மறைந்த பிறகு இருபுறமும் தெரியும் புல்விளிம்புகளைக் கடைக்கண்ணால் அளந்து இறங்க வேண்டும். என் முதல் முயற்சியில் தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் நான் விமானத்தைச் சமன் செய்துவிட்டேன். காரணம் எளிது. ஏ320 தரையைத் தொடும்போது விமானியின் கண்கள் ஒரு மாடிக்கும் மேலான உயரத்தில் இருக்கும். “ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது” என்று அடிக்கணக்கில் உயரத்தை எண்ணிச் சொல்ல ஒரு குரலும் இருக்கும். அந்தக் காட்சிக்குப் பழகிய என் கண்கள் பழைய உயரம் வந்ததும் ‘தரை வந்துவிட்டது’ என்றன. கைகள் நம்பின. விமானம் வேகமிழந்து பொத்தென்று விழுந்து, எழும்பி, மீண்டும் விழுந்து, இடப்பக்கமாகக் கிளம்பியது.

என் பயிற்றுநருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். இந்த விமானத்தில் கற்பவர் பின்னிருக்கையிலும் கற்பிப்பவர் முன்னிருக்கையிலும் அமர்வதால் என் கால்களை அவரால் பார்க்க முடியாது. ஆனால் இருவரின் பெடல்களும் இணைந்தவை என்பதால், என் கால்கள் அசையாமல் இருப்பதை அவர் தன் பாதங்களாலேயே அறிந்துகொள்வார். “சார், கால் எங்க சார்?” என்று ஹெட்செட்டில் கேட்டார். மரியாதை சற்றும் குறையாத அந்தக் கேள்வியை முதல் வாரத்தில் எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. 18 மணி நேரம் என்பது தன்னடக்கம் அல்ல. கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறேன்.

மேலே செய்யும் வித்தைகள் இதைவிட எளிதாக வந்தன. செங்குத்தாக ஒரு முழு வட்டம் போடும் லூப்பைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உச்சியில் தலையைப் பின்னால் சாய்த்து, தலைக்கு மேலே வரும் தொடுவானத்தைத் தேடிப் பிடித்து, வட்டம் கோணாமல் முடித்தால், கீழே வரும்போது விமானம் லேசாக ஒருமுறை குலுங்கும். நாம் சற்றுமுன் கலக்கிவிட்டுப் போன காற்றையே மீண்டும் கடக்கிறோம் என்று பொருள். சான்றிதழ் வாங்கியபோதுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

பறந்த மணிக்கணக்கை மட்டும் வைத்து இங்கே யாரையும் எடைபோட முடியாது. கர்ட்டிஸ் பிட்ஸ் 1944இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட இந்த வகை விமானத்தை உலகறியச் செய்தவர் பெட்டி ஸ்கெல்டன். 1949, 1950 ஆண்டுகளில் அதில் பறந்து பெண்களுக்கான சாகசப் பறத்தல் பட்டத்தை வென்றபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ‘லிட்டில் ஸ்டிங்க்கர்’ என்ற அவருடைய விமானம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தலைகீழாகவே தொங்கவிடப்பட்டிருக்கிறது.

உங்கள் மகனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பயன் உண்டு, ஆனால் அது தலைகீழாகப் பறப்பதில் இல்லை. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 பயணிகள் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். வேகமானிகள் சிறிது நேரம் பொய் சொல்லின, விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த தானியங்கி விலகிக்கொண்டது, விமானம் இறக்கைகளின் தாங்குதிறனை இழந்து ஏறக்குறைய 38,000 அடியிலிருந்து விழத் தொடங்கியது. விழுந்த நேரத்தின் பெரும்பகுதியில், மூக்கை உயர்த்தும்படி ஸ்டிக் பின்னாலேயே இழுக்கப்பட்டிருந்தது. விழும்போது முன்னால் தள்ள வேண்டும் என்பதை எல்லா விமானிகளும் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். ஆனால் விழுகிற மனிதனின் கை இழுக்கத்தான் செய்யும். பிட்ஸில் ஒரு காலைப்பொழுதில் பத்து முறை விமானத்தை வேண்டுமென்றே விழவைத்து, சுழலவைத்து, விசையைக் குறைத்து, சுழலுக்கு எதிர்ப்பக்கச் சுக்கானை முழுவதும் அழுத்தி, ஸ்டிக்கை முன்னே தள்ளி மீட்டபோது, பதினோராவது முறை என் கை என்னைக் கேட்காமலேயே முன்னால் போனது. சிமுலேட்டர் வயிற்றைப் புரட்டுவதில்லை. அதனால் இதை அங்கே முழுமையாகக் கற்க முடியாது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2019 டிசம்பர் முதல், பயணிகள் விமானத் தொழிலுக்கு வரும் புதியவர்கள் இத்தகைய மீட்புப் பயிற்சியில் குறைந்தது 3 மணி நேரம் உண்மையான விமானத்தில் பறந்தாக வேண்டும் என்று விதித்திருப்பது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், நேரம்தான் போதாது.

மறுபக்கமும் உண்டு, அதை உங்கள் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னே சென்ற பெரிய விமானம் கிளப்பிய காற்றுச்சுழலில் சிக்கியது. துணை விமானி சுக்கானை இடமும் வலமும் மாறி மாறி முழு வீச்சில் மிதித்தார். அந்தச் சுமையைத் தாங்காமல் ஏ300 விமானத்தின் செங்குத்து வாலே பிய்ந்துகொண்டு போனது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். பிட்ஸில் நான் பாடுபட்டுக் கற்ற சுறுசுறுப்பான கால், பெரிய விமானத்தில் கொலைகாரக் கால். ஆகவே ஸ்டிக்கை முன்னால் தள்ளும் கையை மட்டும் வேலைக்குக் கொண்டுபோகிறேன், கால்களைச் சின்ன விமானத்தோடு விட்டுவிட்டு வருகிறேன். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு இரவாவது தூங்கி எழ வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகன் நேராகப் பிட்ஸில் ஏற வேண்டாம். சாதுவான வால்சக்கர விமானம் ஒன்றில் முதலில் பத்து மணி நேரமாவது பறக்கட்டும். பிறகு சாகசப் பாடங்களைத் தொடங்கும்போது, முதல் நாள் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குமட்டல் யாருக்கும் விதிவிலக்கு தருவதில்லை, எனக்கும் தரவில்லை. வெறும் ஆசைதானா என்று கேட்டிருந்தீர்கள். ஆசையும்தான், அதை மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார். வீடு திரும்பியதும் லூப் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்காதீர்கள். தரையிறங்கும்போது எத்தனை முறை துள்ளியது என்று கேளுங்கள்.