தருமபுரியா, சென்னைத் தனியாரா?

வணக்கம் ஐயா. மகளுக்கு 200-க்கு 168 கட்-ஆஃப், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. "நம்மூர் அரசு பொறியியல் கல்லூரி நேற்று முளைத்தது, சென்னைப் பக்கம் தனியாரில் பணம் கட்டிச் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம்.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794-இல் வந்த நில அளவைப் பள்ளி. அரசு பொறியியல் கல்லூரிகளில் கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) 1945, சேலம் 1966, நெல்லை 1981. உங்கள் பக்கம் 1994-இல்தான் பர்கூருக்கு ஒன்று வந்தது. அதுவும் மாவட்டம் பிரிந்தபோது கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டது. செட்டிக்கரையில் தருமபுரிக்கென்று கல்லூரி வர 2013 ஆனது. உங்கள் வயதுக்காரர்கள் வீட்டைவிட்டுப் போய்ப் படித்ததை உங்கள் மகள் பஸ் ஏறிப் போய்ப் படிக்கலாம். புதிய கல்லூரி என்பதால் பட்டம் மட்டமாகிவிடாது. அதைத் தருவதும் அண்ணா பல்கலைக்கழகம்தான். பெரிய கம்பெனிகள் முதலில் ஜிசிடி, சேலம் போன்ற பழைய இடங்களுக்குத்தான் வரும், அதை மறைக்கவில்லை. ஆகவே கலந்தாய்வில் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் சேலத்தையும் பர்கூரையும் மேலே வையுங்கள், தருமபுரி அடுத்து வரட்டும்.

இன்னொன்று. புரோக்கர்கள் "அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்" என்று சொன்னால் அசந்துவிடாதீர்கள். கிண்டி, ஏசி டெக், எம்ஐடி ஆகியவை பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். திண்டிவனம், ஆரணி போன்றவை பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள். அவர்கள் காட்டுவது பெரும்பாலும் இணைவு பெற்ற தனியார் கல்லூரியாகத்தான் இருக்கும். அது தப்பில்லை, ஆனால் அரசுக் கல்லூரி அல்ல.

பணம் கட்டிச் சேர்ப்பது என்றால் கலந்தாய்வுக்கு வெளியே கல்லூரியே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாதானே? அதில் எனக்குச் சம்மதமே இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இலிருந்து பொறியியலுக்கும் உண்டு. கலந்தாய்வு வழியாக அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும், தனியார் கல்லூரியானாலும்கூட. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இது கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி.

அப்புறம், விருப்பப் பட்டியலில் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். நாலைந்தோடு நிறுத்திவிட்டு இடம் கிடைக்காமல் தவிப்பவர்கள் ஏராளம். கணினிப் பிரிவுதான் வேண்டுமா, இசிஇ (மின்னணு, தொடர்பியல்), மெக்கானிக்கலும் சரியா என்பதை மகளிடமே கேளுங்கள். பட்டியலைப் பூட்டுவதற்கு முன் ஒருநாள் செட்டிக்கரைக்கு அழைத்துப்போய், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் லேப் எப்படி, ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.