பல் சொல்லும், ஆனால் பாதிதான் சொல்லும்

அன்புள்ள ஐயா,

இலங்கைக் குகைகளில் கிடைத்த பற்களை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர்கள் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தார்கள் என்று கண்டதாகப் படித்தேன். பல்லில் ஒட்டியிருந்த மிச்சத்தை வைத்தா சொல்கிறார்கள்? ஒரு பல்லைக் கொடுத்தால், அந்த ஆள் தின்றது அரிசியா கம்பா என்று சொல்லிவிட முடியுமா?

ம.செ., விருதுநகர்

அன்புள்ள ம.செ.,

அரிசியா கம்பா என்றால் பெரும்பாலும் சொல்லலாம். கம்பா சோளமா என்று கேட்டால் முடியாது.

ஒட்டியிருந்த மிச்சத்தைப் பார்ப்பது பற்காரை (பல்லில் கெட்டியாகப் படியும் அழுக்கு) ஆய்வு, அது தனி வேலை. இங்கே பார்ப்பது பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலுக்குள் கலந்திருக்கும் கார்பனை. அதில் கார்பன்-12, கார்பன்-13 என்று எடை வேறான இரண்டு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. நெல், பயறு, தென்னை, காட்டு மரங்கள் எல்லாம் சி-3 தாவரங்கள் (சி-3, சி-4 என்பவை ஒளிச்சேர்க்கை செய்யும் இரு முறைகள்). கனமான 13ஐ நிறையவே ஒதுக்கிவிடும். கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு, வெப்பநாட்டுப் புற்கள் சி-4, குறைவாகவே ஒதுக்கும். ஒரு பொதுத் தரப் பொருளைவிடக் கார்பன்-13 ஆயிரத்துக்கு எத்தனை குறைவு என்று காட்டும் அளவுகோலில் முன்னவை சராசரியாக மைனஸ் 27, பின்னவை மைனஸ் 12 பக்கம். தின்றவரின் எனாமலுக்குப் போகும்போது இது 12 முதல் 14 வரை ஏறிவிடும். ஆகவே மைனஸ் 14 பக்கம் நின்றால் சி-3 உணவு, பூச்சியத்தை நெருங்கினால் சி-4.

எலும்பை விட்டு எனாமலைப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் 96 சதவீதம் கனிமம். மண்ணுக்குள் கிடந்தாலும் எளிதில் மாறாது. எலும்பிலும், எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் சீக்கிரம் அழிந்துபோகும்.

முதலில் பல்லின் மேற்பரப்பைச் சுரண்டி மண்ணையும் காரையையும் நீக்குவார்கள். பிறகு வைர முனை வைத்த, பல் டாக்டர் கையில் இருப்பது போன்ற டிரில்லால், கிரீடத்தின் (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி) உச்சியிலிருந்து ஈறு விளிம்புவரை மெல்லிய கோடாகச் சீவி எடுப்பார்கள். 10 மில்லிகிராம் தூள் போதும், கிட்டத்தட்ட அரை அரிசி எடை. வெள்ளைத் தூள் மஞ்சளாக மாறினால் அங்கேயே நிறுத்த வேண்டும். டென்டினைத் தொட்டாகிவிட்டது என்று அர்த்தம். தூளைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஊறவைத்துக் கரிமப் பொருளை நீக்கி, நன்றாக அலசி, நீர்த்த (0.1 மோலார்) அசிட்டிக் அமிலத்தில் சுமார் 10 நிமிடம் வைப்பார்கள். மண்ணிலிருந்து புதிதாக ஏறிய கார்பனேட் அதில் கரைந்துபோகும். அதிக நேரம் விட்டால் எனாமலின் சொந்தக் கார்பனேட்டும் கரையத் தொடங்கும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். உலர்ந்த தூளில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை ஐசோடோப்புகளை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்புவார்கள்.

எந்தப் பல் என்பதும் முக்கியம். முதல் கடைவாய்ப் பல்லின் கிரீடம் பிறந்த சமயம் தொடங்கி மூன்று வயதுக்குள் உருவாகிவிடும். அதில் தாய்ப்பாலின் தடம் கலந்திருக்கும். ஞானப்பல் தாமதமாக உருவாவதால் அந்தத் தொல்லை இல்லை. எப்படியானாலும் எனாமல் காட்டுவது சிறுவயது உணவைத்தான். ஐம்பது வயதில் தின்றது அதில் இல்லை.

நீங்கள் சொன்ன ஆய்வு 2015இல் சயின்ஸ் இதழில் வந்தது. பட்டதொம்பலென, ஃபாஹியன் குகை உள்ளிட்ட இடங்களில் கிடைத்த 26 மனிதப் பற்கள். அடர்காட்டின் தரையில் வெயில் குறைவு, காற்றோட்டமும் குறைவு. மண்ணும் இலைச்சருகும் விடும் வாயுவையே செடிகள் திரும்ப உறிஞ்சுவதால் அங்கே கார்பன்-13 மேலும் குறையும், அவற்றை உண்டவர் பல்லிலும் அது தெரியும். ஆனால் மனிதப் பல்லை மட்டும் அளந்துவிட்டு அது காட்டு உணவு என்று சொல்ல முடியாது. அந்தந்த இடத்தில் கிடைத்த விலங்குகளின் பற்களையும் அளந்து, காட்டுக்குள் வாழ்ந்தது எது, திறந்த புல்வெளியில் மேய்ந்தது எது என்று ஒப்பிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த ஒப்பீடு இல்லாத கட்டுரையை நம்பாதீர்கள். கடற்கரை ஊர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கடல் மீன் தின்றவரின் பல்லும் கம்பு தின்றவர் பல் போலவே காட்டும்.

அந்த 26 பற்களில் இரண்டு மட்டும்தான் திறந்த புல்வெளி உணவைக் காட்டின. இரண்டுமே சுமார் 3,000 ஆண்டுப் பழமை, அங்கே விவசாயம் பரவிய இரும்புக்காலத் தொடக்கம். அவர்கள் தின்றது தினை வகைத் தானியமா, புல் மேய்ந்த மாட்டின் கறியா என்பதைக் கார்பன் மட்டும் பிரித்துக் காட்டாது.