வேர் இல்லாத புற்றுக்காளானை எந்தப் பேரினத்தில் சேர்ப்பது?

கேள்வி: மழை பெய்த மறுநாள் புற்றை ஒட்டிய தரையில் பொத்தான் அளவுக் காளான்கள் கூட்டங்கூட்டமாக முளைக்கின்றன. பழைய நூலில் இது 'போடாப்ரெல்லா மைக்ரோகார்ப்பா'. புதிய பட்டியல்களில் 'டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்ப்பஸ்'. ஆய்வேட்டில் எதை எழுதுவது? நுண்ணோக்கியும், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வசதியும் இருக்கின்றன.

பதில்: டெர்மிட்டோமைசிஸ் என்றே எழுதுங்கள். பூஞ்சை அறிஞர்கள் பெர்க்லியும் புரூமும் 1871-இல் இலங்கை மாதிரியை வைத்து இதை அகாரிகஸ் பேரினத்தில் விவரித்தார்கள். கரையான் காளான்களுக்கென்று 1942-இல் தனிப் பேரினம் அமைத்த ரோஜர் ஹைம் இதையும் அதில் சேர்த்தார். பிறகு ரோல்ஃப் சிங்கர்தான் இதைப் பிரித்துப் போடாப்ரெல்லா ஆக்கினார். பெரிய புற்றுக்காளானுக்குத் தண்டின் அடி வேர்போல நீண்டு மண்ணுக்குள்ளே, கரையான்கள் பூஞ்சை வளர்க்கும் தோட்டம் வரை இறங்கும். இதற்கு அது கிடையாது.

ஆனால் அந்த வேர் வம்சத்தின் அடையாளம் அல்ல. இந்தச் சிறுகாளான் முளைப்பது, கரையான்கள் வெளியே கொண்டுவந்து பரப்பிய தோட்டத் துண்டுகளின் மேல். தோட்டமே தரைமட்டத்தில் கிடக்கும்போது தண்டு எதற்கு நீள வேண்டும்? 2002, 2003-இல் வந்த மரபணு ஆய்வுகளில் இது டெர்மிட்டோமைசிஸ் இனங்களுக்கு நடுவிலேயே விழுந்தது. இதை மட்டும் தனிப் பேரினமாக வைத்தால் மிச்சமுள்ள டெர்மிட்டோமைசிஸ் ஒரு கிளையை இழந்த உடைந்த வம்சமாகிவிடும்.

உங்கள் மாதிரிக்கு முதலில் ஸ்போர் (விதைபோன்ற நுண்தூள்) அச்சு எடுங்கள். விரிந்த குடைகளைச் செவுள் (குடையின் அடியிலுள்ள மடிப்புகள்) கீழே இருக்கும்படி கண்ணாடித் தகட்டில் ஓர் இரவு மூடி வையுங்கள். இளஞ்சிவப்புத் தூள் விழ வேண்டும். அதோடு நின்றுவிடாதீர்கள், என்டோலோமா என்ற வேறு காளான் பேரினத்துக்கும் இளஞ்சிவப்புத் தூள்தான், அதில் நஞ்சுள்ளவை உண்டு. நுண்ணோக்கியில் என்டோலோமா ஸ்போர் கோணல்மாணலாகத் தெரியும்; இதனுடையது வழவழப்பான நீள்வட்டம், சுமார் 6–8 மைக்ரான் நீளம், மெல்ட்சர் என்ற அயோடின் கரைசலில் நீலமாகாது.

அடுத்த சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. செவுள் துணுக்கை அசிட்டோகார்மின் என்ற சிவப்புச் சாயத்தில் போட்டு, இரும்பு ஊசியால் கிளறி, கொதிக்க விடாமல் சூடாக்குங்கள். எண்ணெய் லென்சில் பெசிடியங்களுக்குள் (ஸ்போரைத் தாங்கும் செல்கள்) கருஞ்சிவப்புத் துகள்கள் தெரியும். டெர்மிட்டோமைசிஸ் சேர்ந்த லயோஃபில்லேசியே குடும்பத்தின் கையெழுத்து இது. நம் பால்காளானும் அதே குடும்பம். துருப்பிடிக்காத ஸ்டீல் ஊசியென்றால் இரும்பு கரையாமல் துகள் மங்கலாகவே நிற்கும்.

டிஎன்ஏவுக்குக் குடையைக் கையால் பிளந்து உள்சதையை மட்டும் எடுங்கள்: ஈரமானதில் 50–100 மில்லிகிராம், உலர்ந்ததில் 10–20. தண்டின் அடியைத் தொட வேண்டாம். தோட்டத் துண்டில் சூடோசைலேரியா என்ற வேறொரு பூஞ்சை ஒளிந்திருக்கும். முடிவில் அதன் டிஎன்ஏ வரிசைதான் கைக்கு வரும். ஃபார்மலினில் போட்ட மாதிரி பிசிஆருக்கு உதவாது. 40–45 டிகிரியில் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

பிசிஆர் தொடக்கிகள் (பிரைமர்): இனத்தை அறிய ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதிக்கு ஐடிஎஸ்1எஃப்–ஐடிஎஸ்4, பேரினத்தை அறிய எல்ஆர்0ஆர்–எல்ஆர்5. 95 டிகிரியில் 3 நிமிடம். பிறகு 95-இல் 30 நொடி, 54-இல் 30 நொடி, 72-இல் 1 நிமிடம் என்று 35 சுற்று. கடைசியாக 72-இல் 10 நிமிடம். வரிசையைப் படித்த ஐடிஎஸ் வரைபடம் ஓர் இடத்துக்குப் பிறகு இரட்டைச் சிகரமாகக் குழம்பினால் மாதிரி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். காளான் செல்லிலுள்ள இரண்டு உட்கருக்களின் ஐடிஎஸ் நீளம் வேறுபட்டாலும் அப்படித்தான் வரும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் படியுங்கள், தேவைப்பட்டால் குளோன் செய்து இரண்டையும் தனித்தனியே பிரித்துப் படியுங்கள்.

டிஎன்ஏ தரவுத்தளத்தில் ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் தேடலில் முதலில் வரும் பெயரை அப்படியே நகலெடுப்பதுதான் ஆய்வேடுகளில் அதிகம் காணும் கோளாறு. தரவுத்தளத்தில் தவறான பெயர்கள் ஏராளம். ஹெர்பேரிய (உலர்மாதிரிக் காப்பகம்) எண் உள்ள வரிசைகளையே நம்புங்கள். நடராஜன் 1979-இல் விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹைமியையும், அதற்கு முன்பே அறியப்பட்ட டெர்மிட்டோமைசிஸ் யூரைசஸையும் சேர்த்து, ஒப்பீட்டுக்கான வெளிக்குழுவாக லயோஃபில்லம் பேரினத்தை வைத்து வம்ச மரம் வரையுங்கள். கிளை எவ்வளவு உறுதியானது என்று காட்டும் பூட்ஸ்ட்ராப் மதிப்பு 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதை வைத்து வாதிடாதீர்கள். ஐடிஎஸ்ஸை மட்டும் கொண்டு பேரினங்களை ஒப்பிடவும் வேண்டாம். வரிசைகள் சரியாகப் பொருந்தாது.

போடாப்ரெல்லாவை இணைப்பெயராக ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். உலர்மாதிரியை ஹெர்பேரியத்தில் கொடுத்து, அதன் எண்ணை வரிசையோடு பதிவு செய்யுங்கள். மிச்சத்தைச் சமைக்க நினைத்தால், அந்தப் புற்றுக்கு யாராவது கரையான் மருந்து ஊற்றினார்களா என்று தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.