வாயில் வராத வினைச்சொற்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. வில்லியனூரில் இருக்கிறேன். மகள் பிரான்சில், லியோனில் இருக்கிறாள், பிரசவத்துக்கு நான்தான் போகவேண்டும். அதற்காக பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எங்கள் ஆசிரியை எட்டு வினைச்சொற்களைக் கொடுத்து (எத்ர் – இருப்பது, அவுவார் – வைத்திருப்பது, அலே – போவது, ஃபேர் – செய்வது, வெனீர் – வருவது, ப்ரான்த்ர் – எடுப்பது, பார்லே – பேசுவது, ஃபினீர் – முடிப்பது) நான்கு காலங்களில் (நிகழ்காலம், எதிர்காலம், இரண்டு இறந்தகாலங்கள்) எழுதிவரச் சொன்னார். மொத்தம் 192 வடிவங்கள். எழுதினேன், ஒப்பிக்கவும் செய்கிறேன். ஆனால் பேசப் போனால் ஒன்றும் வாயில் வருவதில்லை. போன வாரம் ‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ழெ சுயி மான்ழே’ என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. இத்தனை விதிவிலக்குகள் ஏன்? எதை முதலில் பிடிப்பது? இந்த வயதில் எனக்கு இது வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரும். வயதைப் பற்றிய கேள்வியை முதலில் தள்ளிவைத்துவிடலாம்.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா (சிப்பாய்) தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று, பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் கிடையாது. பிரெஞ்சில் கையெழுத்துக்கு மேல் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘இல் ஃபோ கெ ழி ஆய்’ என்று சொல்லி எழுந்திருப்பார். ‘நான் கிளம்பணும்’ என்று அர்த்தம். பல வருஷம் கழித்துக் கல்லூரியில் ‘அலே’ என்ற வினையின் ஸுப்ழோன்க்திஃப் (‘வேண்டும்’ போன்றவற்றுக்குப் பின் வரும் வினைவடிவம்) அட்டவணையைத் திறந்தபோது முதல் கட்டத்திலேயே ‘ஆய்’ இருந்தது. மாணவர்களை மிரட்டும் வடிவம் அது. எனக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. தாத்தாவின் துண்டோடு சேர்ந்து ஏற்கெனவே காதில் இருந்தது.

ஏன் விதிவிலக்கு என்று கேட்கிறீர்கள். ‘நிற்கிறேன்’, ‘விற்கிறேன்’ இரண்டையும் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. ஆனால் நேற்று என்று வந்தால் ‘நின்றேன்’, ‘விற்றேன்’. ‘சாகிறான்’ என்பது ‘செத்தான்’ ஆகிறது. ‘வா’ என்கிறோம், ‘வருகிறேன்’ என்கிறோம், ‘வந்தேன்’ என்கிறோம். இதற்கெல்லாம் நீங்கள் எந்த நோட்டிலும் கட்டம் போட்டதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி தமிழ் வினைகளை 13 வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வினைக்கும் எண் கொடுத்திருக்கிறது. அது தெரியாமலே 13 வகையையும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிரெஞ்சிலும் அதிகம் புழங்கும் சொற்கள்தான் ஒழுங்கு மீறியவை. இருப்பது, வைத்திருப்பது, போவது, வருவது, செய்வது. தினம் ஆயிரம் முறை வாயில் வருவதால் பழைய வடிவம் மறக்காமல் தங்கிவிட்டது. ‘அலே’யில் ‘ழெ வே’ (போகிறேன்), ‘நூஸ் அலோன்’ (போகிறோம்), ‘ழிரே’ (போவேன்) என்று மூன்று முகம் இருக்கிறதே, அவை வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒரே வினையில் குடியேறியவை. மற்றபடி பத்தில் ஒன்பது வினைகள் ‘பார்லே’ போலத்தான் நடக்கும். புதிதாகப் பிறப்பவையும் அந்த வீட்டில்தான் சேர்கின்றன. கூகுளில் தேடுவதற்கு ‘கூக்லே’, லைக் போடுவதற்கு ‘லைக்கே’.

சரி, உங்கள் 192க்கு வருகிறேன். அவ்வளவு பெரிய மூட்டை இல்லை அது.

எதிர்காலத்தை எடுங்கள். ‘பார்லெரே, பார்லெரா, பார்லெரா, பார்லெரோன், பார்லெரே, பார்லெரோன்.’ கடைசி ஓசையை மட்டும் கேளுங்கள். ‘அவுவார்’ என்ற வினையின் நிகழ்காலம் அது: ஏ, ஆ, ஆ, அவோன், அவே, ஓன். பிற்கால லத்தீனில் ‘பாட எனக்கு இருக்கிறது’ என்று சொல்லிச் சொல்லி இரண்டும் ஒட்டிக்கொண்டு எதிர்காலம் ஆகிவிட்டது. நாம் ‘போக வேண்டியிருக்கிறது’ என்று நாளைய வேலையைச் சொல்வதில்லையா, அதே மனசு. இந்த விகுதிகளுக்கு விதிவிலக்கே கிடையாது. மாறுவது முன்பகுதி மட்டும். உங்கள் எட்டில் ஐந்துக்குத்தான் அது தனி: ஸெர், ஒர், இர், ஃபெர், வியேன்த்ர். மற்ற மூன்றும் அகராதி வடிவத்திலிருந்தே வந்துவிடும். ஆக எதிர்காலத்தின் 48 வடிவங்களுக்கு நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஐந்து துண்டு.

எம்பார்ஃபே, அதாவது வழக்கமாக நடந்ததையும் நடந்துகொண்டிருந்ததையும் சொல்லும் இறந்தகாலம், இதைவிடச் சுலபம். நிகழ்காலத்தில் ‘நூ’ (நாங்கள்) வடிவத்தை எடுத்து, கடைசி ‘ஓன்’ போக மிச்சத்தில் விகுதி சேர்க்கவேண்டும். பிரெஞ்சு மொழி முழுவதிலும் ‘எத்ர்’ ஒன்றுதான் இதற்கு அடங்காது.

பாஸே கோம்போஸேவுக்கு, அதாவது துணைவினையோடு சேர்ந்து நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலத்துக்கு, எட்டு எச்சங்கள் வேண்டும்: எத்தே, யு, அலே, ஃபே, வென்யு, ப்ரி, பார்லே, ஃபினி. இவற்றை எண்ணிக்கை போலச் சொல்லிப் பழகுங்கள்.

பாடுபட வேண்டிய இடம் நிகழ்காலம். அங்கேயும் உங்கள் காது உங்கள் நோட்டைவிடப் புத்திசாலி. ‘ழெ பார்ல், த்யு பார்ல், இல் பார்ல்’ (நான், நீ, அவன்) என்று எழுத்தில் விகுதி மாறினாலும் ஓசை ஒன்றுதான். ‘அவர்கள்’ என்று பன்மையில் வந்தாலும் ‘பார்ல்’தான். பேச்சில் ‘நூ’வுக்குப் பதில் பெரும்பாலும் ‘ஓன்’ என்ற தனிச்சொல்லைப் போடுவார்கள், அதனோடும் ‘பார்ல்’தான். மிச்சம் இருப்பது ‘வூ (நீங்கள்) பார்லே’. இரண்டே ஓசை. ‘வெனீர்’ மாதிரி வினைகளில் நூ, வூ இரண்டுக்கும் ஒரு உடம்பு, மற்ற நாலுக்கும் வேறு: ‘ழெ வியேன்’, ஆனால் ‘நூ வெனோன்’. லத்தீனில் அழுத்தம் விழுந்த இடத்தில் உயிரெழுத்து உருமாறியது; அழுத்தம் விகுதிக்கு நகர்ந்த இடத்தில் மாறாமல் நின்றது. அதன் தடயம் இது. நோட்டில் அந்த நாலு கட்டத்தையும் சுற்றி ஒரு கோடு போட்டுப் பாருங்கள், வினை மாறினாலும் அந்த உருவம் திரும்பத் திரும்ப வரும்.

இப்போது ‘ழெ சுயி மான்ழே’. அவர்கள் சிரித்தது ‘நான் உண்ணப்பட்டிருக்கிறேன்’ என்ற அர்த்தம் வந்ததால். ஆனால் உங்கள் தவறுக்குப் பின்னால் ஒரு சரியான இலக்கணம் இருக்கிறது. தமிழில் வந்திருக்கிறேன், போயிருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன் எல்லாவற்றுக்கும் ‘இரு’ ஒன்றுதான் துணை. பிரெஞ்சில் போவது, வருவது, புறப்படுவது, ஏறுவது, இறங்குவது, விழுவது, பிறப்பது, சாவது போன்ற சிலவும், தன்மேல் செய்துகொள்ளும் வினைகளும் மட்டுமே ‘எத்ர்’ பக்கம். ‘ழெ சுயி அலே’ என்றால் சரி. சாப்பாடு ‘அவுவார்’ பக்கம்: ‘ழே மான்ழே’. யாராவது மறுபடி சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் உண்மையில் சறுக்குவது பாஸே கோம்போஸேவா எம்பார்ஃபேவா என்ற இடத்தில். இதற்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் விளக்கம் எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. தமிழில் யோசித்தால் உதவுகிறது. ‘சின்ன வயதில் வருஷா வருஷம் தேர் பார்க்கப் போவோம்.’ இந்தப் ‘போவோம்’ வடிவத்தில் எதிர்காலம், அர்த்தத்தில் பழைய வழக்கம். இப்படி ‘போவோம், வருவார், சொல்லுவாள்’ என்று வாயில் வந்தால் எம்பார்ஃபே: ‘நூஸ் அலியோன்’. ‘அந்த வருஷம் தேர் பார்க்கப் போனோம்’ என்றால் பாஸே கோம்போஸே: ‘நூ சோம் அலே’. ‘கொண்டிருந்தது’ வந்தாலும் எம்பார்ஃபே. மழை பெய்துகொண்டிருந்தது, மகள் போன் செய்தாள்: ‘இல் ப்ளெவே, மா ஃபீய் ஆ தெலெஃபோனே.’ எல்லா இடத்திலும் இது பொருந்தாது. லியோனில் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரப் போதும்.

பாஸே சேம்ப்ல் என்று இன்னொரு இறந்தகாலம் அடுத்து வரும். பேச்சில் அதற்கு வேலை இல்லை, கதைப் புத்தகத்தில் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

ஆசிரியை சொன்னபடி எழுதுவதையும் நிறுத்தவேண்டாம், தேர்வுக்கு எழுத்து வேண்டும். ஆனால் எழுதும் வடிவம் ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்துக்குள் வையுங்கள், உங்கள் வீட்டில் நிஜமாக நடந்த வாக்கியமாக. இன்றிரவு மகள் போன் செய்யும்போது காலையிலிருந்து செய்ததை ஐந்து வாக்கியத்தில் அவளிடம் சொல்லுங்கள். ‘ழே மான்ழே’யிலேயே ஆரம்பிக்கலாம்.