வெயில் அடித்தால் பனிச்சரிவு அபாயம் தீருமா?

கேள்வி: குல்மர்க்கில் ஸ்கீயிங் பழகியிருக்கிறோம். பிப்ரவரியில் நண்பர்கள் நால்வர், அபர்வத் மலையில் ஸ்கீ ரோந்துக் குழு கண்காணிக்கும் எல்லைக்கு வெளியே இறங்கத் திட்டம். பனி பெய்து மூன்று நாள் வெயில் அடித்துவிட்டால் பயமில்லை என்கிறார்களே?
– வாசகர், கோவை

பதில்: புதுப்பனிக்கு அது ஓரளவு பொருந்தும், தன் எடையிலேயே அமுங்கி இறுகிவிடும். ஆபத்து அடியில் இருக்கிறது. டிசம்பரில் அரை மீட்டர் பனி மட்டும் படிந்து, வானம் தெளிந்து, கடுங்குளிர் நீடித்தால், தரையோரம் 0 டிகிரியும் மேற்பரப்பு மைனஸ் 15 டிகிரியுமாக இருக்கும். அந்த வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலேறி, பனித்துகள்களைக் கோணல் படிகங்களாக்கிவிடும். கையில் அள்ளினால் ரவை மாதிரி உதிரும், உருண்டை பிடிக்காது. அதன்மேல் ஒரு மீட்டர் பனி ஏறினால், ரவைமேல் பலகையை வைத்தது போலத்தான். இந்த அடுக்கு மூன்று நாளில் இறுகாது. வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் இந்தப் பனிப்பலகை பெரும்பாலும் பெயரும். ஸ்கீ கம்பைச் சரிவில் கிடத்தி, அதன்மேல் போனை வைத்து அளந்துவிடலாம். பிறகு, நீங்கள் இறங்கப்போகும் திசையையே பார்த்த, மேலே செங்குத்துச் சரிவு இல்லாத சிறிய மேட்டில் குழி தோண்டுங்கள். குறுக்கே 90, உள்ளே 30 சென்டிமீட்டர் அளவில் பனித்தூணைத் தனியாக வெட்டி, ஒரு முனையில் மண்வாரியைக் கவிழ்த்து வையுங்கள். மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு. விரிசல் மறுமுனைவரை ஒரே பாய்ச்சலில் ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடாவிட்டால் அது அனுமதிச் சீட்டு ஆகாது: ஒரு மீட்டரைவிட ஆழத்தில் உள்ள அடுக்கை இந்தச் சோதனை தவறவிடும். நடக்கையில் காலடியில் ‘வும்’ என்று அமுங்கினால் சோதனையே வேண்டாம், திரும்பிவிடுங்கள். பாதுகாப்புத் துறை ஆய்வகமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு முன்னறிவிப்பையும் பாருங்கள். ஆனால் அது பரந்த பகுதிக்கானது, உங்கள் சரிவைச் சொல்லாது.

கேள்வி: ஆளுக்கொரு டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேடும் கருவி) வாங்கியாயிற்று. போதாதா?

பதில்: போதாது. பனிக்குள் குத்தித் தேட, 240 சென்டிமீட்டருக்குக் குறையாத துழாவுக்கம்பியும் உலோக மண்வாரியும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியில் அது மூன்றாகிறது. போனை டிரான்ஸீவரிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது 50. கம்பி ஆளைத் தொட்டதும் உருவாதீர்கள். நேர்மேலிருந்து தோண்டவும் கூடாது. சரிவின் கீழ்ப்பக்கம், புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று, உள்நோக்கி வெட்டிப் போங்கள்.