பிடித்த ஃபேன்டஸி நாவல்கள் தொலைக்காட்சித் தொடராக வரும்போது, புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா?

தவறே இல்லை. ஒரு கதையோடு வருடக்கணக்கில் வாழ்ந்துவிட்டு, அதைத் திரையில் எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் பார்க்க யாராலும் முடியாது.

எந்த நாவல் என்று நீங்கள் சொல்லவில்லை. 2023 ஏப்ரலில் ஹாரி பாட்டரை மறுபடி தொடராக எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அப்போதிருந்து இந்தக் கேள்வியைப் பல விதமாகப் பார்க்கிறேன். அதனால் நீங்களும் பாட்டர் வாசகர் என்றே வைத்துக்கொள்கிறேன். எட்டுப் படங்களிலும், பள்ளிக்கூடத்தில் சேட்டை பண்ணித் திரியும் பேயான பீவ்ஸைத் தேடி ஏமாந்திருப்பீர்கள். முதல் படத்துக்காக ரிக் மேயால் என்ற நடிகரை வைத்துப் படம்பிடித்தும் அந்தக் காட்சிகளை வெட்டிவிட்டார்கள். மந்திரவாதிகளின் வீடுகளில் அடிமை வேலை செய்யும் எல்ஃபுகளுக்காக, ஹாரியின் தோழி ஹெர்மயனி நடத்தும் போராட்டம் படங்களில் இல்லவே இல்லை. இந்தத் தடவையாவது எல்லாம் வரும் என்று ஆசைப்படுகிறீர்கள். பக்கத்தில் யாரோ "கதைதானே, இதுக்கெதுக்கு இத்தனை வெசனம்" என்று கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் கேள்வியில் 'தவறா' என்ற சொல் வந்திருக்கிறது. நான் நினைப்பது சரியில்லை என்றாலும் என் பதில் இதுதான்.

என் கதை 'வீல் ஆஃப் டைம்'. 14 புத்தகங்கள். முதலாவது 1990இல் வந்தது. எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்துபோனார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி, 2013இல் கடைசிப் புத்தகம் வந்தது. நான் தமிழ் வழியில் படித்தவள், காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறேன். "இங்கிலீஷ் புத்தகம் படிச்சேன்னு பெருமை பீத்தற" என்று சொல்ல வருபவர்களுக்கு: ஆமாம், எனக்குப் பெருமைதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி, கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி எடுத்து வந்தவை அவை. அட்டை கிழிந்தவை, முன்பக்கத்தில் யாரோ ஒருவருடைய பெயர் எழுதியவை.

ஏன் பழைய கடையில் என்று கேட்டால், இதையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. ஒவ்வொரு வருடமும் வீட்டு வரி கட்டும்போது அதோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். சட்டப்படி அது நூலகத்துக்குப் போகவேண்டிய காசு. பக்கத்து டவுனில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. "என்ன புத்தகம் வேணும்னு நோட்டுல எழுதி வெச்சுட்டுப் போங்கம்மா" என்றார்கள். எழுதினேன். அடுத்த தடவை போனபோது நான் எழுதிய பக்கத்துக்குக் கீழே யாருமே எதுவும் எழுதியிருக்கவில்லை. நோட்டு அப்படியே இருந்தது, புத்தகமும் வரவில்லை. மழைக்கு ஒழுகும் இடத்தில் அலமாரியை நகர்த்திப் போடக்கூட ஆள் இல்லை. இங்கிலீஷ் புத்தகம் வேண்டாம், சிறுவர்களுக்குத் தமிழில் மாயாஜாலக் கதைகளாவது புதிதாக வாங்கி வைக்கலாம் இல்லையா? காசு கட்டுவது நாங்கள்தானே? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் கிராமத்துப் பிள்ளைகள் படிப்பதே இல்லை என்று பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா கொல்லுப்பட்டறைக்காரர். முன்பெல்லாம் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா மாட்டுவதுதான் பெரிய வேலை. இப்போது களைக்கொத்து, அருவாள், தேங்காய் உரிக்கிற பாரைக்கு முனை அடித்துக் கொடுப்பது, அவ்வளவுதான். பட்டறைக்கல்லுக்கு எதிரே நின்று சம்மட்டி போட்டது என் அம்மா. பழுத்த இரும்பைக் குறட்டில் பிடித்துக்கொண்டு அப்பா கைச்சுத்தியலால் ஓர் இடத்தில் லேசாகத் தட்டுவார். அடுத்த நொடி அம்மாவின் சம்மட்டி அதே இடத்தில் விழும். இடையில் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அப்பா சுத்தியலைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். துருத்தி இழுத்துக்கொண்டே இதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

'வீல் ஆஃப் டைம்' கதையில் பெரின் என்று ஒரு பையன் வருகிறான். கிராமத்துக் கொல்லரிடம் தொழில் பழகுகிறவன். தோள் அகலமானவன், யாரையாவது தெரியாமல் இடித்துக் காயப்படுத்திவிடுவோமோ என்று எதையும் மெதுவாகச் செய்பவன். எனக்கு அவனைப் பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம்? படித்ததையெல்லாம் ராத்திரியில் அப்பாவுக்குச் சொல்வேன். ராஜகுமாரிகளையும் சூனியக்காரிகளின் அரசியலையும் பாதிக்குமேல் விட்டுவிட்டுத்தான் சொன்னேன், அப்பா ஒரு குறையும் சொல்லவில்லை. நான் மில்லிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்பார்: "அந்தப் பட்டறைப் பையன் என்ன ஆனானாமா?"

பெரினிடம் ஒரு கோடாலி இருக்கிறது. முதல் புத்தகத்தில் ஓநாய்களோடு வாழும் எலையாஸ் அவனுக்கு ஒன்று சொல்கிறார்: இந்தக் கோடாலியை நீ வெறுக்கிறவரைக்கும் வைத்திரு, வெறுப்பு போய்விட்டதென்று தெரிந்த அன்றைக்கு எட்டி எறிந்துவிட்டு ஓடிவிடு. அதே புத்தகத்தில், ஹாப்பர் என்ற ஓநாயை வெள்ளை அங்கிக்காரர்கள் என்ற படையினர் கொன்ற ஆத்திரத்தில் அவன் முதல்முறையாக மனிதர்களைக் கொல்கிறான். அதற்குப் பிறகு கோடாலியா, சுத்தியலா என்ற கேள்வி அவனை விடவே இல்லை. பத்தாவது புத்தகத்தில், கடத்தப்பட்ட மனைவியைத் தேடும் வெறியில் ஒரு கைதியின் கையை அதே கோடாலியால் வெட்டுகிறான். வெட்டிவிட்டு அதை வீசி எறிகிறான். இந்த இடத்தை அப்பா மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். "எறிஞ்சுட்டானா? அப்புடியே எறிஞ்சுட்டானா?" என்று கேட்டார். ஆயுதம் அடித்துக் கொடுப்பவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2021 நவம்பரில் அமேசானில் தொடர் வந்தது, தமிழ்க் குரலோடும் வந்தது. தம்பி காசு கட்டி வைத்திருந்தான். அப்பா, அம்மா, நான், தம்பி எல்லோரும் உட்கார்ந்தோம். அதில் பெரினுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புத்தகத்தில் அப்போது அவன் தனிக்கட்டை. மனைவி பெயர் லைலா, அவளும் கொல்லுவேலை செய்பவள். பட்டறையில் தனியாக நின்று இரும்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்தார்கள் என்று நான் கோபப்படவில்லை. அம்மா சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "பாரு, நம்மளாட்டவே" என்றார். டிவியில் சம்மட்டி போடுகிற பொம்பளையை என் அம்மா அதற்கு முன் பார்த்ததே கிடையாது. நானும் பார்த்ததில்லை. 14 புத்தகத்தில் கிடைக்காத ஒன்று எங்களுக்குக் கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

அதே எபிசோடில் அவளைக் கொன்றுவிட்டார்கள். டிராலக்குகள் என்ற பாதி மிருக அரக்கர்கள் ஊருக்குள் புகுந்த சண்டையில், அதே பட்டறைக்குள், பெரின் தெரியாமல் தன் கோடாலியாலேயே அவளை வெட்டிவிடுகிறான். அவன் மனதில் குற்ற உணர்ச்சியை ஏற்றி வைக்க ஒரு பிணம் வேண்டியிருந்தது, அதற்காகவே அவளை உண்டாக்கியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் புத்தகத்தின் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாது. அவரே கேட்டார்: "ஏஞ்சாமி, இப்பத்தான காட்டுனாங்க. அதுக்குள்ள கொன்னுபோட்டாங்களா?" அம்மா "நீங்க பாருங்க" என்று எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தத் தொடர் ஓடும்போது அவர் வந்து உட்காரவே இல்லை.

பத்துப் புத்தகம் முழுக்க ஒருவன் மெல்ல மெல்லத் தன் கையைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்கிறான். அதை ஒரே அடியில் முடித்துவிட்டார்கள். பெரின் அதற்கப்புறம் இரண்டு வருஷத் தொடரில் வாயைத் திறக்காமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே அலைந்தான். மனைவியைக் கொன்றவனுக்கு வேறென்ன செய்ய இருக்கிறது? எழுதியவர்கள்தான் அவனை அந்த மூலையில் நிறுத்தினார்கள், நடிகர் என்ன செய்வார் பாவம். பெரினாக நடித்த மார்கஸ் ரதர்ஃபோர்டு அந்த வேடத்துக்கு அத்தனை பொருத்தம்.

உடனே சிலர் வருவார்கள் என்று தெரியும். நிறத்தைச் சொல்லி, பெண்களுக்கு இடம் கூடிவிட்டது என்று சொல்லிச் சண்டை போட்ட கூட்டத்தில் தயவுசெய்து என்னைச் சேர்க்காதீர்கள். எனக்கு அதெல்லாம் ஒரு குறையே இல்லை. கொரோனாவால் படப்பிடிப்பு நின்றது, பெரினின் நண்பன் மேட் வேடத்தில் நடித்தவர் முதல் சீசன் முடிவதற்குள் விலகிவிட்டார், அதனால் கடைசி இரண்டு எபிசோடுகளைத் திருத்தி எழுதவேண்டியிருந்தது. அதற்கும் நான் யாரையும் குறை சொல்லவில்லை. 14 புத்தகத்தை எட்டு எட்டு எபிசோடுகளுக்குள் அடக்கவேண்டும், வெட்டாமல் முடியாது. நானே அப்பாவுக்கு வெட்டித்தானே சொன்னேன்? ஆனால் அந்தக் கோடாலியை நான் தொடவில்லை.

எங்கள் பக்கத்தில் அண்ணமார் கதையை உடுக்கை அடித்துப் பாடுவார்கள். பொன்னர், சங்கர், தங்கை தங்காள், பெரியகாண்டியம்மன், கொம்பன் என்கிற ராட்சசப் பன்றி என்று அதிலும் மாயத்துக்குப் பஞ்சமில்லை. பல ராத்திரி பாடவேண்டிய கதையைப் பாடுகிறவர் நேரத்துக்குத் தகுந்தபடி சுருக்குவார், நீட்டுவார். மழை வந்தால் ஒரு பகுதியையே தாண்டிப் போவார். கேட்கிறவர்கள் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். ஆனால் படுகளத்தில் அண்ணன்மார் விழுந்து கிடக்கும்போது தங்காள் தேடி வந்து எழுப்புவதை மட்டும் விட்டுப் பார்க்கட்டுமே! எத்தனையோ ஊர்களில் படுகளம் என்றால் அருள் வந்து ஆட்கள் நிஜமாகவே விழுந்து கிடப்பார்கள், தங்காளாக வருபவர் வந்துதான் எழுப்பவேண்டும். அதை விட்டால் விடியக்காலை பாடகர் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. எதைச் சுருக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் கேட்கிறவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தொடர் எடுப்பவர்களிடமும் நாம் எதிர்பார்ப்பது அந்தக் கவனத்தைத்தான். அதை ரசிகர்களின் பிடிவாதம் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அவர்களால் முடியாது என்றும் சொல்லமாட்டேன். 2025இல் வந்த மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடைப் பாருங்கள். ருய்டியன் நகரத்தில் கண்ணாடித் தூண்களுக்கு நடுவே கதையின் நாயகன் ராண்ட் நடக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் காலம் பின்னால் போகிறது, தன் முன்னோர்களின் உடம்புக்குள் இருந்தே அவர்களின் வாழ்க்கையைப் பார்க்கிறான். நாலாவது புத்தகத்தின் ஆகச்சிறந்த அத்தியாயங்கள் அவை. அங்கேயும் நிறையச் சுருக்கியிருந்தார்கள். ஆனால் முன்னோர்கள் எல்லோரையும் அதே நடிகர் ஜோஷா ஸ்ட்ரடோவ்ஸ்கியையே நடிக்க வைத்திருந்தார்கள். புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்துப் புரிந்துகொண்ட ரத்த உறவை ஒரே முகத்தில் காட்டிவிட்டார்கள். நான் கைதட்டினேன், அப்பா அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொன்னார்.

அப்படிக் கை தேறி வந்த நேரத்தில், 2025 மே மாதம் தொடரையே நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 24 எபிசோடு. இதற்கும் "ரசிகர்கள் குறை சொல்லியே கெடுத்தார்கள்" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. நாங்கள் மூன்று சீசனும் முழுசாகப் பார்த்தவர்கள். குறை சொன்னதும் நாங்கள்தான், ஊரெல்லாம் சொல்லி ஆள் பிடித்துப் பார்க்க வைத்ததும் நாங்கள்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2019இல் ஆறே எபிசோடில் அவசர அவசரமாகக் கடைசி சீசனை முடித்தபோது, அதைத் திருத்தி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அத்தனை பேரும் எட்டு வருஷம் கூடவே வந்தவர்கள். பிடிக்காதவன் எதற்குக் கையெழுத்துப் போடப்போகிறான்?

ஆகவே நீங்கள் தாராளமாக எதிர்பாருங்கள். வசனம் மாறும், ஆட்கள் குறைவார்கள், முடி நிறம்கூட மாறும், அதையெல்லாம் விட்டுவிடுங்கள். புதிதாக யாரையாவது கொண்டுவந்தால் உடனே திட்டாதீர்கள், அவரை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று ஓரிரு எபிசோடு பொறுத்துப் பாருங்கள். பீவ்ஸ் இந்தத் தடவையும் வரவில்லை என்றால் எனக்குப் பெரிய வருத்தம் இருக்காது. ஹெர்மயனியின் போராட்டத்தை மறுபடி விட்டார்கள் என்றால் நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன். அதை எடுத்துவிட்டால் நல்ல மார்க் வாங்குகிற பெண் மட்டும்தான் மிஞ்சுவாள். உங்களுக்கு அந்தத் 'தொடக்கூடாத இடம்' எது என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. எழுதினால் அதைப் பற்றியும் பேசலாம்.