பழைய வண்டி, குளிர்காலம், எந்த ஆயில்? கேள்வி பதில்

ஊட்டியிலிருந்து: அண்ணே, 1998 மாருதி 800 வச்சிருக்கேன். 20டபிள்யூ-40 தான் ஊத்துறேன். ஜனவரி காலையில செல்ஃப் மெதுவா சுத்துது. 5டபிள்யூ-30க்கு மாறிடட்டுமா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம் தம்பி. டபிள்யூவுக்கு முன்னால இருக்கிற நம்பர் குளிருக்கு, பின்னால இருக்கிறது சூடான எஞ்சினுக்கு. ரெண்டும் தனித்தனி. ஆயில் நம்பரை வகுக்கிற எஸ்.ஏ.இ அமைப்போட தரப்படி 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில வச்சு, எஞ்சின் சுத்த விடுமான்னு சோதிக்கிறாங்க. 10டபிள்யூன்னா மைனஸ் 25, 5டபிள்யூன்னா மைனஸ் 30. ஊட்டியில உறைபனி விழுற காலையிலயும் பூஜ்யத்தை ஒட்டித்தானே இருக்கும்? அதனால நான் முதல்ல சந்தேகப்படுறது பேட்டரியையும் எர்த் வயரையும்தான். அதைப் பார்த்துட்டு, வேணும்னா 10டபிள்யூ-40 ஊத்துங்க. ஆயில் மேல வால்வு வரைக்கும் சீக்கிரம் ஏறும். பின்னால இருக்கிற 40ஐ மட்டும் தொடாதீங்க.

அப்போ 10டபிள்யூ-40 சூடானா கெட்டியாகுமா?

ஆகாது. எந்த ஆயிலும் சூட்டில இளகத்தான் செய்யும். குளிர்ல அது 10டபிள்யூ ஆயில் மாதிரி நடந்துக்கும், 100 டிகிரியில 40 ஆயில் அளவுக்குத்தான் இளகும். அவ்வளவுதான்.

கனடா, டொராண்டோவின் ஸ்காபரோவிலிருந்து: அண்ணை, என்ர 2003 கொரோலா ஒயில் குடிக்குது. சிநேகிதன் ஒருத்தன் 20டபிள்யூ-50 விடச் சொல்லுறான். விடலாமோ?

டொராண்டோ குளிருக்கா? தயவுசெஞ்சு வேண்டாம். மைனஸ் 20க்குக் கீழ போற காலையில அந்த ஆயில் பம்புக்கே ஒழுங்கா போய்ச் சேராது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனாலும் பேரிங் கொஞ்ச நேரம் காய்ஞ்சு ஓடும். வருஷக்கணக்கில வர்ற தேய்மானம் அங்கதான் ஆரம்பிக்குது. உங்க வண்டிக்குக் கம்பெனி சொன்ன 5டபிள்யூ-30லயே இருங்க. அதிகக் கிலோமீட்டர் ஓடின வண்டிக்குன்னு விக்கிற வகை இருந்தா இன்னும் நல்லது.

அந்தக் காலத்து டொயோட்டா எஞ்சின்ல பிஸ்டனைச் சுத்தி ஆயிலை வழிச்சு இறக்குற ஆயில் ரிங் பக்கம் கரி அடைச்சு, ஆயில் கீழ வடியாம எரிஞ்சு போறது தெரிஞ்ச கதைதான். கெட்டி ஆயில் அந்தக் கரியைக் கரைக்காது. ஒவ்வொரு தடவை பெட்ரோல் அடிக்கும்போதும் ஆயில் அளவு காட்டுற குச்சியை (டிப்ஸ்டிக்) இழுத்துப் பாருங்க. குறைஞ்சா ஊத்துங்க. எஞ்சினைக் கரண்ட்ல சூடாக்குற பிளாக் ஹீட்டர் இருந்தா, கிளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போட்டுவிடுங்க. ஆயில் மாத்துறதைவிட அது பெரிய உதவி.

கோவையிலிருந்து: சார், அப்பாவோட பழைய அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். புது 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் ஊத்தினா எஞ்சின் இன்னும் நல்லா இருக்குமா?

விலைதான் அதிகமா இருக்கும். அந்த எஞ்சின்ல வால்வைத் திறக்கிற கேம் மேல, அதைத் தாங்குற டேப்பட் உரசிக்கிட்டே ஓடும். அந்த இடத்தைக் காப்பாத்துறது ஆயில்ல சேர்க்கிற துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம். 2004ல வந்த, அமெரிக்க பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐயோட எஸ்.எம் தரத்திலிருந்து, 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஆயில்கள்ல பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புகைக்குழாய்ல இருந்து புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெடாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பின் நம்பர் 40, 50 உள்ள ஆயிலுக்கு அந்த வரம்பு இல்லை. கோவை வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்திட்டு நிம்மதியா ஓட்டுங்க. அதே ஆயிலோட கொடைக்கானலும் போய் வரலாம்.

எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஆயில் லைட் மினுக்குது. 40லிருந்து 50க்குப் போகட்டுமா?

முதல்ல ஆயில் அளவைப் பாருங்க. சரியா இருந்தா மெக்கானிக்கிட்ட கேஜ் மாட்டி பிரஷரை அளக்கச் சொல்லுங்க. பாதி வண்டிகள்ல அந்த லைட்டை எரிய வைக்கிற பிரஷர் ஸ்விட்ச்தான் போயிருக்கும். நிஜமாவே பிரஷர் குறைவுன்னா பேரிங் தேய்ஞ்சிருக்கலாம். 50 ஊத்தினா லைட் அணையும், தேய்மானம் அப்படியே இருக்கும். வேலை பார்க்கப் பணம் சேர்க்கிற வரைக்கும் ஓட்டலாம்.

வேற கம்பெனி ஆயிலைக் கலக்கலாமா?

அவசரத்துக்குக் கலக்கலாம். ஆயில் இல்லாம ஓட்டுறதுக்கு அது மேல்.

குளிர்ல ஸ்டார்ட் பண்ணி எவ்வளவு நேரம் நிக்க விடணும்?

அரை நிமிஷம் போதும். அப்புறம் ரேஸ் கொடுக்காம மெதுவா கிளம்புங்க. பத்து நிமிஷம் நிக்க வச்சே உறும விட்டா, எரியாத பெட்ரோல் ஆயில்ல இறங்கி அதை இன்னும் நீர்க்க வச்சிடும்.